கத்தரியும் கண்ணும்: துணிக் கொலாஜ் குவில்ட்டைக் கற்பிப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஐந்து சிறுவர்கள் ஒரு காரின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். 1941-இல் ஈஸ்டர் அன்று சிகாகோவின் தென்பகுதியில் ரஸ்ஸல் லீ எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அது. 2018-இல் பிசா பட்லர் அதே சிறுவர்களைத் துணியில் ஆளுயரத்துக்கு எழுப்பினார். வேலையின் பெயர் ‘சவுத்சைடு சண்டே மார்னிங்’. தள்ளி நின்று பார்த்தால் நெற்றி, கன்னம், தாடை, கோட்டு மடிப்பு எல்லாம் தெளிவாக நிற்கின்றன. கிட்டே போனால் கன்னம் கரைந்துவிடுகிறது. நீலத்தில் ஒரு துண்டு, ஊதாவில் ஒரு துண்டு, நடுவே பூப்போட்ட மஞ்சள் கீற்று ஒன்று. தூரிகை படவே இல்லை. வெட்டிய துணி, நூல், உள்ளே பஞ்சு, அவ்வளவுதான்.

துணிக் கொலாஜ் குவில்ட் என்று இன்று அழைக்கப்படும் கலையின் உச்சங்களில் ஒன்று இது. குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குகளைச் சேர்த்து ஊடாகத் தைத்தது. அதன் மேல்துணியைச் சதுரமும் முக்கோணமுமாகக் கணக்குப் போட்டு இணைப்பது பழைய வழக்கம். கொலாஜில் அந்தக் கணக்கு கிடையாது. வேண்டிய உருவத்துக்கு ஏற்பத் துண்டுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டி, கடைசியில் எல்லாவற்றையும் தையலால் பிணைக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென வகுப்புகள், பயிலரங்குகள், அச்சிட்ட வரைபடங்கள், வீடியோ பாடங்கள் என்று பெரிய உலகமே உருவாகிவிட்டது. அந்த உலகத்துக்குள் ஒரு கேள்வி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. விதி எதுவும் இல்லை என்பதையே பெருமையாகச் சொல்லும் கலையில் ஆசிரியர் எதைக் கற்றுக்கொடுக்கிறார்?

தைக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்பது பாதி உண்மைகூட இல்லை.

வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அங்கே நம் கடற்கரையும் வருகிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் பகுதிகளிலிருந்து கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. சாயவேரின் சிவப்பு துவைத்தாலும் போகவில்லை என்பது அங்கே பெரிய அதிசயம். உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686-இல் இத்துணிகளுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1701-இலும் 1721-இலும் சட்டம் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட அருமையான துணி பழசானால் தூக்கியெறிய யாருக்கு மனசு வரும்? பெண்கள் அதிலிருந்த பூவையும் கிளையையும் பறவையையும் ஓரம் தப்பாமல் வெட்டியெடுத்தார்கள். வெள்ளைத் துணியில் புதிய ஒழுங்கில் பரப்பி, ஓரத்தை மடித்தோ காஜா தையல் போட்டோ பதித்தார்கள். ஒரு முழம் துணியிலிருந்த பூக்கள் ஒரு கட்டில் முழுக்கப் படர்ந்தன. பின்னாளில் ‘ப்ரோடரி பெர்ஸ்’ என்று இதற்குப் பெயர் வந்தது. பெயரில் பாரசீகம் இருந்தாலும் அந்தப் பூக்களில் பெரும்பகுதி இந்தியச் சாயத்தில் பூத்தவை. அச்சிட்ட துணியிலிருந்து ஒரு வடிவத்தைப் பெயர்த்து வேறொரு படத்தில் குடியேற்றும் இன்றைய கொலாஜ்காரர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

படமாகக் கதை சொல்லும் துணி என்றால் ஹாரியட் பவர்ஸைத் தாண்டிப் போக முடியாது. 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் விவசாயக் குடும்பத்துப் பெண்ணாக வாழ்ந்து, பைபிள் கதைகளைத் துணி உருவங்களாக வெட்டிப் பதித்தார். அவர் செய்தவற்றில் இரண்டுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடமும் மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. இரண்டாவதில் 15 கட்டங்கள். ஆதாமும் யோனாவும் இருக்கும் அதே விரிப்பில் 1833 நவம்பரில் வானமே உதிர்வதுபோல் எரிகற்கள் பொழிந்த இரவும் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது; ஊர் வாயிலாகக் கேட்டதை ஊசியில் ஏற்றியிருக்கிறார். முதல் குவில்ட்டை 1886-இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் பார்த்து ஆசைப்பட்ட ஜென்னி ஸ்மித் ஓர் ஓவிய ஆசிரியை. பவர்ஸ் அப்போது விற்க மறுத்தார். பணமுடை நெருக்கவே, சில ஆண்டுகள் கழித்து ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டமும் என்ன சொல்கிறது என்று விளக்கினார். ஸ்மித் அதை எழுதி வைத்துக்கொண்டார். எழுதப் படிக்கப் பள்ளியே இல்லாத உலகத்தில் பிறந்த பெண், படித்த ஆசிரியைக்குத் துணியைப் படிக்கக் கற்றுக்கொடுத்த அந்தக் காட்சி இந்தக் கலையின் கல்வி வரலாற்றில் முதல் பக்கத்தில் வைக்கத் தக்கது.

20-ஆம் நூற்றாண்டில் கொலாஜ் என்ற சொல் ஓவியர்களின் கூடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ரோமெர் பியர்டன் 1960-களில் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களைக் கட்டினார். 1970-இல் அவர் செய்த ‘பேட்ச்வொர்க் குவில்ட்’ என்ற வேலையில் உண்மையான துணித்துண்டுகளே இருக்கின்றன. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்டுகளை ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. கட்டிலிலிருந்து சுவருக்கு ஏறியதும் குவில்ட்டின் கடமை மாறிவிட்டது. துவைக்க வேண்டாம், போர்த்த வேண்டாம், குழந்தை இழுத்தால் கிழியுமே என்ற பயம் வேண்டாம். ஒட்டிய ஓரத்தை மடிக்காமல் அப்படியே விடலாம் என்ற துணிவு அதற்குப் பிறகுதான் பரவலாக வந்தது. இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் உருகித் துணியோடு பிடிக்கும் ஒட்டுப்படலம் கடைக்கு வந்தபோது அந்தத் துணிவுக்குக் கருவியும் கிடைத்தது.

இனி வேலை மேசைக்கு வரலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வாழும் சூசன் கார்ல்சன், துணிக் கொலாஜைப் பாடமாக்கியவர்களில் முக்கியமானவர். 2000-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே ‘விதிகள் இல்லை’ என்று அறிவித்தார். 20 அடிக்கும் மேல் நீளமுள்ள முதலை ஒன்றைத் துணியிலேயே செய்து காட்டியவர் அவர். இந்த முறையில் முதலில் ஒரு புகைப்படம் தேர்வாகிறது. அதைப் பெரிதாக்கி, கோடுகளை மட்டும் மெல்லிய காடாத்துணியில் பிரதியெடுக்கிறார்கள். கையிலுள்ள துணிகளை நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை வரிசையாக அடுக்குகிறார்கள். பிறகு கத்தரி.

பெரும்பாலும் கண்ணிலிருந்து தொடங்குவார்கள். ஒரு நாயின் கண் என்று வைத்துக்கொள்வோம். பாவைக்கு விரல்நகம் அளவு கறுப்புத் துணி. சுத்தக் கறுப்பு வைத்தால் ஓட்டைபோல இருக்கும் என்பதால் கருநீலமோ கரும்பழுப்போ அடியில் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். அதைச் சுற்றித் தேன்நிற வளையம். அது ஒரே துணி அல்ல, மேல்பாதி இமையின் நிழலில் இருப்பதால் அடர்ந்த துண்டு, கீழ்ப்பாதி ஒளி படுவதால் வெளிர் துண்டு. எல்லாம் முடிந்த பிறகு எள்ளளவு வெள்ளை ஒன்றைக் கத்தரி நுனியால் எடுத்துப் பாவையின் ஓரத்தில் வைக்கிறார்கள். அந்தக் கணத்தில் நாய் விழித்துக்கொள்கிறது. வகுப்பில் முதன்முறையாக இதைச் செய்பவர் வாய்விட்டுக் கூவுவது வாடிக்கை. பசையைத் துண்டின் நடுவில் மட்டும் ஒரு சொட்டு வைப்பது இன்னொரு நுட்பம். ஓரம் ஒட்டாமல் இருந்தால்தான் அடுத்த துண்டை அதன் அடியில் செருக முடியும். பிடிக்காததைப் பிய்த்தெடுக்கவும் முடியும். படம் முழுதும் அமைந்த பிறகு கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்தி, பஞ்சும் அடித்துணியும் சேர்த்து, மெஷினின் பல்லை இறக்கிவிட்டுக் கையால் துணியை நகர்த்தியபடி இஷ்டப்பட்ட திசையில் தைக்கிறார்கள். ரோமம் இருக்கும் திசையில் தையல் ஓடினால் ரோமம் வருகிறது; குறுக்கே ஓடினால் படம் செத்துப்போகிறது.

இதில் எங்கேயும் தையல் பெரிய தடையாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பது வருஷம் தைத்தவரும் நேற்று மெஷின் வாங்கியவரும் இந்த வகுப்பில் திணறுவது ஒரே இடத்தில்தான்: எது வெளிச்சம், எது நிழல் என்று பிரித்துப் பார்ப்பதில். மனித மனம் நிறத்தின் பெயரைத்தான் முதலில் படிக்கிறது. ‘இலை பச்சை’ என்று தெரிந்ததும் பச்சைத் துணியைத் தேடிக் கை போகிறது. ஆனால் வெயில் படும் இலை கிட்டத்தட்ட வெள்ளை; அதன் அடிப்பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு. அந்த அடர்த்தி வேறுபாடு சரியாக இருந்தால் இலையை ஊதாவில் செய்தாலும் இலையாகவே தெரியும். அது தவறினால் உலகத்துப் பச்சையெல்லாம் கொட்டினாலும் தட்டையாகத்தான் கிடக்கும். பட்லரின் சிறுவர்களுக்கு நீலக் கன்னம் பொருந்துவதன் ரகசியமும் இதுவே. அவர் புகைப்படத்தைப் பெரிதாக்கி, ஒளி நிழல் எல்லைகளை முதலில் கோடிட்டுப் பிரித்துக்கொள்கிறார். எந்த நிறம் என்பது மனநிலையைப் பொறுத்து அடுத்தபடியாக வருகிறது.

ஆகவே நல்ல ஆசிரியர்களின் பாடம் கண்ணுக்கான பாடம். அதற்கு அவர்கள் கையாளும் உத்திகள் எளியவை. துணிகளை மேசையில் பரப்பிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுக்கச் சொல்கிறார்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக மாறுவதைப் பார்த்து வகுப்பே திகைக்கிறது. கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். வேலையைச் சுவரில் குத்திவிட்டு அறையின் மறுகோடிக்கு நடக்கச் சொல்கிறார்கள். இடம் போதாத வீடுகளுக்காக, வாசற்கதவில் பொருத்தும் பார்வைத்துளைக் கண்ணாடியை வாங்கி அதன்வழியாகப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. அது பொருளைச் சின்னதாக்கித் தொலைவில் தள்ளிவிடும். சிவப்புப் பிளாஸ்டிக் தாள் வழியாகப் பார்க்கும் முறை பழையது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது: சிவப்புத் துணிகள் அதன்வழியே வெளுத்துத் தெரியும். சிவப்பு மிகுந்த படத்துக்குப் பச்சைத் தாள் வேண்டும்.

மாணவர்கள் கொண்டுவரும் துணிமூட்டையைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். நாம் அழகு என்று வாங்கிச் சேர்ப்பவை பெரும்பாலும் நடுத்தர அடர்த்தியுள்ள துணிகள். மிகவும் வெளிறியது யாருக்கும் பிடிப்பதில்லை, மிகவும் அடர்ந்தது பண்டிகைக்கு ஆகாது. மூட்டை முழுக்க நடுத்தரமாக இருந்தால் முகத்தில் மூக்கு எழும்பாது. அடுத்த சிக்கல், ஆசையாக வைத்திருக்கும் துணியை வெட்ட மனம் வராதது. பெரிய பூப்போட்ட துணியின் மதிப்பு அது முழுதாக இருக்கையில் வேறு; கொலாஜில் அந்தப் பூவின் ஓரத்து நிழல் மட்டும் ஒரு காது மடிப்புக்குப் போதும். அந்த ஓரத்தை எடுக்க நட்ட நடுவில் கத்தரி வைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடம் குவில்ட் வகுப்புகளில் புதிதாகப் பிறந்தது அல்ல. பாரிஸின் கோப்ளான் திரைச்சீலை ஆலையில் சாயத் துறையை நிர்வகித்த வேதியியலாளர் ஷெவ்ரோலிடம் கறுப்பு நூல் வலுவில்லாமல் இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்தன. அந்தத் தேடல் 1839-இல் நிறங்களின் உறவுபற்றிய பெரும் புத்தகமாயிற்று. ஜோசப் ஆல்பர்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு நிறம் கற்பித்தபோது சாயத்தைவிட வண்ணக் காகிதத் துண்டுகளையே விரும்பினார். கலக்குவதில் நேரம் போகாது, ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்ப வேறு வேறு அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவருடைய ‘இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்’ 1963-இல் வந்தது. துணிக் கொலாஜ் வகுப்பு, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் காகிதத் துண்டு வகுப்பின் வாரிசு.

சந்தையில் பெருவாரியாக விலைபோவது வேறு வகை. யானை, ஆமை, தையல் பொம்மை உருவங்களின் வெளிக்கோட்டை அச்சிட்டு விற்கிறார்கள். பூப்போட்ட துணிகளின் பின்னால் ஒட்டுப்படலம் ஏற்றி, பூக்களைக் கத்தரித்து, கோட்டுக்குள் நெருக்கமாக அடுக்கி இஸ்திரி போட்டால் பூக்களால் ஆன யானை தயார். யார் செய்தாலும் அழகாக வரும். கத்தரி பிடிக்கவே தயங்கியவர் ஒரு வாரக்கடைசியில் ஒரு படத்தை முடித்துத் தூக்கிக்கொண்டு போவது சின்ன விஷயம் அல்ல. அந்த மகிழ்ச்சியை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதைக் கல்வி என்று எண்ணி அங்கேயே நிற்பது நஷ்டம். பத்து யானை செய்தவருக்குப் பதினொன்றாவது யானைக்கும் கோடு வாங்க வேண்டியிருக்கிறது. தன் வீட்டுப் பூனையைச் செய்ய அவருக்கு வழி தெரியாது. வரைபடம் விற்கும் ஆசிரியர் அதே வகுப்பில் ஒரு மணி நேரத்தைத் துணி வரிசைப்படுத்தலுக்கு ஒதுக்கினால் மாணவர் அடுத்த படிக்கு ஏறிவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பசை பற்றிய பழைய சண்டை இன்னும் தீரவில்லை. ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் தைத்துப் பழகியவர்களுக்கு, பிசிறு நிற்கும் ஓரமும் பசையும் அரைகுறை வேலையாகப் படுகின்றன. மூன்று அடுக்கும் தையலால் பிணைந்திருந்தால் குவில்ட்தான் என்ற விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்பட்டாலும், எதிர்த்தரப்பின் கவலையில் நியாயம் இருக்கிறது. படலத்தை அடுக்கடுக்காக ஏற்றினால் துணி அட்டைபோல விறைக்கிறது; ஊசியில் பசை பிடித்து நூல் அறுகிறது; மலிவான பசை வருஷங்கள் கழித்து மஞ்சளிக்கிறது. பருத்திச் சாயமோ வெளிச்சத்தில் வெளிறக்கூடியது. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கல் ஒளியே வைப்பதற்கு அதுதான் காரணம். எனவே பசை தற்காலிகப் பிடிமானம், தையலே நிரந்தரப் பிடிமானம் என்று முதல் நாளே சொல்லிவிடும் ஆசிரியர் மாணவருக்கு நல்லது செய்கிறார். ஒவ்வொரு துண்டின் மீதும் ஒரு தையலாவது ஏறியிருக்க வேண்டும்.

கற்பித்தல் என்ற கோணத்தில் ஃபெய்த் ரிங்கோல்டின் வாழ்க்கை தனியாகச் சொல்லத் தக்கது. 1930-இல் ஹார்லெமில் பிறந்தவர். 1950-இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஓவியம் படிக்கப் போனபோது அந்தப் பிரிவில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். ஆசிரியர் பயிற்சியாகப் படித்தால் ஓவியம் படிக்கலாம் என்ற சந்து வழியாக நுழைந்தார். 1955 முதல் 1973 வரை நகரப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக இருந்தார். 1972-இல் ஆம்ஸ்டர்டாமில் துணிக்கரை கட்டிய திபெத்திய தாங்கா ஓவியங்களைக் கண்டது அவரைத் துணியின் பக்கம் திருப்பியது. உடை வடிவமைப்பாளரான தாய் வில்லி போசியோடு சேர்ந்து 1980-இல் முதல் குவில்ட்டைச் செய்தார். 1988-இல் செய்த ‘டார் பீச்’ என்ற குவில்ட் பிறகு குழந்தைகள் புத்தகமாகி, பள்ளி நூலகங்களுக்குள் குவில்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் நினைவாக 2006-இல் உருவான அமைதிக் கதை குவில்ட்டை அவர் வடிவமைக்க, 8 முதல் 19 வயது வரையுள்ள நியூயார்க் மாணவர்கள் அதில் கைசேர்த்தார்கள். கலைஞர் பெயரும் மாணவர் கையும் ஒரே துணியில் இருக்கலாம் என்பதை அவர் தயக்கமின்றிக் காட்டினார்.

பிசா பட்லரும் நெடுங்காலம் நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியையாக இருந்தவர். பாட்டியிடமும் தாயிடமும் தையல் கற்றார்; ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார்; முதுகலைப் படிப்பின்போதுதான் இரண்டும் கூடின. கானாவிலிருந்து வந்த தந்தை வழியே ஆப்பிரிக்க அச்சுத்துணிகள் வந்தன. அத்துணிகள் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் பேசும். பறவை பறக்கும் ஓர் அச்சைக் கட்டினால் ‘பணத்துக்குச் சிறகு உண்டு’ என்று ஊருக்குத் தெரியும். பட்லர் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது நிழலுக்கு என்ன அடர்த்தி வேண்டும் என்பதோடு, இந்த மனிதருக்கு எந்தப் பேச்சு பொருந்தும் என்பதையும் சேர்த்து எடைபோடுகிறார். அடர்த்தியை வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். இந்த இரண்டாவது தேர்வை மாணவர் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்துதான் கற்க வேண்டும்.

வகுப்பே இல்லாமல் கைமாறும் மரபுகளும் உண்டு. வட கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹலியாள் பக்கத்துக் காடுகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழைய சேலையையும் சட்டையையும் கிழித்து ‘கவந்தி’ தைக்கிறார்கள். ஆப்பிரிக்க வேர்கொண்ட மக்கள் அவர்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றி, துண்டு துண்டாகச் சேர்த்தபடி ஓட்டுத் தையலில் நடுவை நோக்கி வருகிறார்கள். கோடு கிடையாது, பசை கிடையாது. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப் ‘பூ’ வைக்காமல் கவந்தி முடிவதில்லை. பெண்குழந்தை அருகில் உட்கார்ந்து பார்த்தே கற்கிறது. இந்த முறையை நகரத்துப் பயிலரங்கு அப்படியே எடுத்தாள முடியாது. பல மாதங்கள் அருகில் உட்கார யாருக்கும் நேரமில்லை. ஆனால் ஆசிரியர் தன் வேலையை மாணவர்முன் செய்து காட்டுவதும், தவறான துண்டைப் பிய்த்தெடுத்து வேறு வைப்பதை மறைக்காமல் காட்டுவதும் எந்த வகுப்பிலும் முடியும். அச்சிட்ட குறிப்பில் வராத பாடம் அதுதான்.

சிலியில் சர்வாதிகாரி பினோசெத்தின் ராணுவ ஆட்சிக்காலத்தில் நடந்தது இன்னொரு வகைப் பள்ளி. 1974 முதல், கணவனையோ பிள்ளையையோ ராணுவம் கொண்டுபோன பெண்கள் தேவாலயத் துணையோடு கூடி, சாக்குத்துணியில் துண்டுகளைத் தைத்து அன்றாடத்தைப் படமாக்கினார்கள். சிறை வாசல் வரிசை, காலிப் பானை, ‘எங்கே அவர்கள்?’ என்ற கேள்வி. காணாமல் போனவரின் சட்டைத் துண்டே சில படங்களில் சேர்ந்தது. ‘அர்பில்லெரா’ எனப்படும் இப்படங்கள் ரகசியமாக வெளிநாடு போய், பத்திரிகைகள் எழுத முடியாததைச் சொல்லின. ஒளி நிழல் நுட்பம் எதுவும் அவற்றில் இல்லை; பொம்மைபோன்ற ஆட்கள், தட்டையான மலைகள். அந்தப் பட்டறைகளில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தது எதைப் படமாக்க வேண்டும் என்பதை. கண்ணைப் பழக்குவதே முதல் பாடம் என்று அழுத்திச் சொல்லும்போது, எதைப் பார்க்கத் தேர்கிறோம் என்பதும் அந்தப் பாடத்துக்குள் அடங்கும் என்று இவை நினைவூட்டுகின்றன.

இன்றைய வகுப்புகளில் அந்தத் தேர்வு புகைப்படத்திலேயே தொடங்குகிறது. இணையத்தில் கண்ட சிங்கத்தை இறக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய. அந்தச் சிங்கத்தைக் காட்டில் காத்திருந்து எடுத்தவருக்கு உரிமை இருக்கிறது. அனுமதி இல்லாமல் செய்த வேலையைக் கண்காட்சிக்கு அனுப்பினால் சிக்கல். ரஸ்ஸல் லீயின் படம் அமெரிக்க அரசுத் திட்டத்துக்காக எடுக்கப்பட்டதால் பொதுச்சொத்து. எல்லாப் பழைய படமும் அப்படி அல்ல. வேறொருவர் விற்ற கோட்டின்மேல் செய்ததையும், ஆசிரியர் பக்கத்தில் நின்று திருத்தியதையும் சொந்த வடிவமைப்பு என்று போட்டிக்கு அனுப்பக் கூடாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. இதனாலேயே பொறுப்புள்ள ஆசிரியர்கள் சேர்க்கைக் குறிப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்: மாணவர் தாமே எடுத்த படத்தைக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் வெயில் விழுந்து, ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி நிழலிலும் இருக்கும் முகமானால் மிக நல்லது. ஃபிளாஷ் போட்டு நேரெதிரே எடுத்த முகத்தில் நிழலே இருக்காது. அதை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் எதையும் கற்பிக்க முடியாது.